அந்த ஒத்த ஓட்டு

அந்தா, மூணாவது பெஞ்சுல பச்சைச் சுடிதார் போட்டுக்கிட்டு பாட்டில்ல தண்ணி குடிக்குதே, அதுதான்க்கா என் மக. மதுநிஷா. ஏழாங்கிளாஸ் படிக்கிறா. ஸ்கேன் எடுக்கணும்னா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருக்கணுமாம்ல? ஒரு லிட்டர் குடிச்சாச்சு, இன்னும் வரலங்குறா. நர்ஸம்மா இன்னொரு பாட்டில் குடிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கு. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க, வீட்டுக்காரருக்கா? உள்ள இருக்காரா? சரி சரி, வந்துருவாரு, பயப்படாதீங்க.

பக்கத்துல இருக்கவ என் தங்கச்சியான்னுதான கேக்குறீங்க? காலையிலருந்து நாலு பேரு கேட்டாச்சு. பாட்டில் மூடியத் தொறந்து குடுக்குறா, முந்தானையால வாயத் தொடச்சு விடுறா, பாத்தா அப்படித்தான் தெரியும். தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேரு போதும்பொண்ணு. எங்க ஊரு எலெக்சன்ல என்னைத் தோக்கடிச்சவ.

சிரிக்காதீங்கக்கா. எம்எல்ஏ எலெக்சன் இல்ல. பள்ளிக்கூடத்து எலெக்சன். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்கெல்லாம் ஒரு கமிட்டி உண்டுல, பள்ளி மேலாண்மைக் குழுன்னு? அதுக்குத் தலைவி அங்க படிக்கிற ஒரு புள்ளையோட அம்மாவாத்தான் இருக்கணும்னு சட்டம். மத்த ஊர்ல எல்லாம் யாரையாவது பேரைச் சொல்லி, கையத் தூக்கி, டீயக் குடிச்சிட்டு வந்துருவாக. எங்க ஊர்லதான் ரெண்டு பேரு நின்னு, சீட்டுல டிக் அடிச்சு, பொட்டியில போட்டு எண்ணுனது. அந்தக் கூத்தைத்தான் சொல்றேன். டோக்கன் நம்பர் இன்னும் பதினாலு தள்ளி இருக்கு, கேளுங்க.

எனக்கு அந்தப் பதவி மேல ஆசை இல்லக்கா. சத்தியமா இல்ல. சரி, கொஞ்சம் இருந்துச்சு. ஆனா நான் நின்னது இந்தப் புள்ளைக்காக. எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டி மூணு வருசமாச்சு. டைல்ஸ் ஒட்டி, வெளியில பட்டாம்பூச்சி படம் வரஞ்சு, அம்புட்டு அழகா இருக்கும். பூட்டித்தான் கெடக்கும். ஆபீசர் வர்ற அன்னைக்குத் தொறப்பாக, அவுக ஜீப்பு ரோட்டுல ஏறுனதும் பூட்டிருவாக. புள்ளைக எங்க போகும்? சின்னதுக கருவேலங்காட்டுப் பக்கம் ஓடும். வளந்த புள்ளை போகுமா? என் மக காலையில வீட்ல போயிட்டுப் போனா, சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு ஓடியாருவா. பையக்கூடக் கழட்ட மாட்டா, நேரா பொறவாசலுக்குத்தான். குடுத்து விடுற தண்ணி பாட்டில் அப்படியே நெறயத் திரும்பி வரும். ஏன்டி குடிக்கலன்னா, "குடிச்சா வருமேம்மா"ங்கும்.

குடிச்சா வருமேம்மா. 

ஹெட்மாஸ்டர்ட்ட போயிப் போயி நின்னேன். ஒரு வருசமாச் சண்டை போட்டேன். என் சத்தம் கேட்டாலே ஒண்ணாப்புப் புள்ளைக அழுகும், அம்புட்டுச் சண்டை. அவரு ஒரே பாட்டுத்தான். "இந்தாம்மா, கூட்டுறதுக்கு ஆளு கெடையாது. தொட்டிக்குத் தண்ணி ஏறாது. தொறந்து விட்டா ரெண்டே நாள்ல நாறிப் போயிரும், பதில் சொல்றது நானு. கமிட்டித் தலைவி வந்து தீர்மானம் போடட்டும், பாக்கலாம்." சரி, தலைவியா வர்றேன், தீர்மானம் போடுறேன், உங்க சாவியப் புடுங்குறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவரு முகத்துக்கு நேராவே சொன்னேன்க்கா. எனக்கு மனசுல வச்சுக்கத் தெரியாது.

எலெக்சனுக்குப் பத்து நாளு இருக்கும். இந்தப் போதும்பொண்ணு வீட்டுக்கு வந்து வாசல்லயே நிக்கிறா. கீழத் தெருக்காரி. இவ மக அஞ்சாங்கிளாஸ். பேச வாயே வராது. நூறு நாள் வேலையிலகூட இவ சத்தத்த யாரும் கேட்டது இல்ல. என்னடீன்னேன். "சார் என்னையும் நிக்கச் சொல்றாரு மதினி. நான் என்ன செய்யட்டும்?" அப்படீன்னா.

எனக்கு வெளங்கிருச்சு. வாயில்லாதவள ஒக்கார வச்சுக்கிட்டா அவரு நிம்மதியா சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு இருக்கலாம்ல? அப்பவே நான் வேணாம்னு சொல்லியிருந்தா இவ நின்னிருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, எனக்குள்ள ஒரு எண்ணம். போட்டி இல்லாம சும்மா வந்து ஒக்காந்தா என்ன மதிப்பு? நாலு பேரு ஓட்டுப் போட்டு ஜெயிச்சேன்னு இருந்தாத்தான அந்த ஆளு பயப்படுவாரு? "நில்லுடி, தாராளமா நில்லு. எனக்கு என்ன வருத்தம்?"ன்னு சொல்லி, காபி போட்டுக் குடுத்து அனுப்பி வச்சேன். நானே அனுப்பி வச்சேன்க்கா.

அன்னையிலருந்து வீடு வீடாப் போனேன். ஊர்ல மொத்தம் முப்பத்தெட்டு வீட்டுலருந்து புள்ளைக வருது. வீட்டுக்கு ஒரு ஓட்டு, அம்மாக்காரிக்கு. ஒவ்வொருத்தியா கையில அடிச்சு சத்தியம் வாங்குனேன். சத்தியம் பண்ணவளுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு, எங்க வீட்டு நிலைக்கண்ணாடியில ஒட்டிட்டேன். செகப்புப் பொட்டு. அஞ்சு நாள்ல முப்பத்தி நாலு பொட்டு. எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுறவரு, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. வந்து செரைக்கிறதுக்குக் கண்ணாடியப் பாத்துட்டு, "என்னடி, என் மூஞ்சியே தெரியல, அம்மை போட்ட மாதிரி இருக்கு"ன்னாரு. அதெல்லாம் ஓட்டுய்யா, தொடச்சுப்புடாதீகன்னேன்.

சத்தியம் பண்ணாம எப்படி இருப்பாளுக? இந்த ஊருக்கு நான் என்ன செய்யல? குருவம்மா இருக்கா, அவ புருசன் குடிச்சிட்டு வேலைக்குப் போறதில்லன்னு அவளே வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தா. நான்தான் கோயில் கூட்டத்துல எந்திரிச்சு எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன். எங்க கொழுந்தன் பொண்டாட்டி பாண்டிச்செல்வி, அவ மக தலையில பேனு ஓடுது, பள்ளிக்கூட வாசல்லயே நிறுத்தி வச்சு, "இப்படியாடி புள்ளைய அனுப்புவ?"ன்னு கேட்டேன். மறுநாளே தலையில எண்ணெய் வச்சுச் சீவி அனுப்புனால்ல? நான் கேக்கலன்னா செஞ்சிருப்பாளா? எவளுக்கு என்ன குறையோ அத முகத்துக்கு நேரா, நாலு பேரு முன்னாடி சொல்லித் திருத்துறது நானு. பின்னாடி பேசுறது எனக்கு ஆகாது. இப்படி உரிமையாச் சொல்றதுக்கு ஊர்ல வேற எவ இருக்கா?

ஒண்ணு மட்டும் செஞ்சேன். போற வீட்ல எல்லாம், சத்தியம் வாங்கிட்டு எந்திரிக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவேன். "பாவம்டி அந்தப் போதும்பொண்ணு. ஒத்த ஓட்டுகூட விழாது அவளுக்கு. எப்படித்தான் தெருவுல நடப்பாளோ." எரக்கப்பட்டுத்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு, இல்லேங்கல.

எலெக்சன் நாலாங்கிளாஸ் ரூம்புல. சத்துணவு முட்டை வர்ற அட்டைப்பொட்டியில ஓட்டை போட்டு வச்சிருந்தாக. சீட்டுல மேல என் பேரு நாகஜோதி, கீழ அவ பேரு. கரும்பலகை ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூலு, ஒரு பேனா. அங்க போயி டிக் அடிச்சு, மடிச்சு, பொட்டியில போடணும். ஒவ்வொருத்தியும் போட்டுட்டு வரும்போது என்னப் பாத்து ஒரு சிரிப்பு. நானும் தலையாட்டுனேன். கடைசியாத்தான் நான் போனேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன் பாருங்க, இத இன்னவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. நீங்க எந்த ஊரோ, இனிமே உங்கள நான் எங்க பாக்கப் போறேன்? அதனால சொல்றேன்.

அந்த ஸ்டூல்ல ஒக்காந்து பேனாவக் கையில எடுத்தேன். என் பேருக்கு நேரா கொண்டு போனேன். கை கூசுதுக்கா. நமக்கு நாமளே போட்டுக்கிறதா? கல்யாணப் பந்தியில நம்ம இலைக்கு நாமளே வடைய எடுத்து வச்சுக்கிட்டா எப்படி இருக்கும்? யாரும் பாக்கலதான். ஆனா நான் பாக்குறேன்ல? கண்ணாடியில முப்பத்தி நாலு பொட்டு இருக்கு. ஒண்ணு கொறஞ்சா என்ன குடி முழுகிப் போகுது? அவளுக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஒத்த ஓட்டாவது விழுந்தா அவ புள்ளை முகத்துல முழிக்கலாம். பின்னாடி என்னைக்காவது, "உனக்கு விழுந்த அந்த ஒத்த ஓட்டு நான் போட்டதுடி"ன்னு சொன்னா எம்புட்டு நல்லா இருக்கும்! அவளும் கண்ணு கலங்கி என் கையப் புடிச்சுக்குவா. அதையெல்லாம் நெனச்சுக்கிட்டு, அவ பேருக்கு நேரா பெருசா ஒரு டிக் அடிச்சேன். மடிச்சேன். போட்டேன். வரும்போது அவளப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சேன். எனக்கு மனசு அம்புட்டு நெறஞ்சு இருந்துச்சு.

அஞ்சாங்கிளாஸ் டீச்சர் எண்ணுனாக. மொத சீட்டப் பிரிச்சு, போதும்பொண்ணுன்னாக. சரி, இது என்னோடதுன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டாவது, போதும்பொண்ணு. மூணாவது, போதும்பொண்ணு. கீழத் தெருக்காரிக சீட்டு மேல கெடக்கு போலன்னு இருந்தேன். பத்தாவது, பதினஞ்சாவது. டீச்சருக்கே ஒரு மாதிரி ஆகிருச்சு, சத்தம் கொறஞ்சுக்கிட்டே போகுது. இருபத்தி ஒண்ணாவதுல என் பேரு ஒண்ணு வந்துச்சு. அம்மாடி, இனிமே வரிசையா வரும்னு நிமிந்து ஒக்காந்தேன். வரலக்கா. பொட்டியக் கவுத்துத் தட்டிப் பாத்தாக. முப்பத்தஞ்சு அவளுக்கு. எனக்கு ஒண்ணு. ரெண்டு செல்லாது. அதுல ஒரு புண்ணியவதி ரெண்டு பேருக்கும் டிக் அடிச்சு வச்சிருக்கா. இன்னொருத்தி வெறும் சீட்ட மடிச்சுப் போட்டிருக்கா.

எல்லாரும் தரையப் பாக்குறாளுக. ஒருத்தி கூட என் முகத்தப் பாக்கல. கையில அடிச்ச சத்தியம்க்கா! முப்பத்தி நாலு பேரு! நல்லதுக்கும் கெட்டதுக்கும் மொத ஆளா நின்னவ நானு. அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். குடுத்த டீயத் தொடல. ரோட்டுல நடக்கும்போது செருப்ப அங்கயே விட்டுட்டு வந்தது கூடத் தெரியல எனக்கு.

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. அன்னைக்குச் சாயங்காலமே அடிகொழாயில குருவம்மா வந்து காதுல சொல்றா, "யக்கா, அந்த ஒண்ணு நான் போட்டதுக்கா, சாமி சத்தியமா." சரி, ஒருத்தியாவது இருக்காளேன்னு அவ கொடத்தையும் சேத்து நானே அடிச்சு நெறச்சு விட்டேன். வீட்டுக்கு வந்தா பாண்டிச்செல்வி ஒக்காந்திருக்கா. "யாரு என்ன செஞ்சா என்னக்கா, குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல? அந்த ஒண்ணு என்னோடதுதான்." ராத்திரிச் சோத்துக்குள்ள மூணு பேரு. மறுநாள் பால் ஊத்துற எடத்துல ரெண்டு பேரு. ஒரு வாரத்துல ஒம்பது பேருக்கா! ஒத்த ஓட்டுக்கு ஒம்பது பேரு சொந்தம் கொண்டாடுறாளுக. எட்டு பேரு பொய்யின்னு தெரியும். எந்த எட்டுன்னுதான் தெரியல. யாரு கண்ணப் பாத்தாலும் துரோகி மாதிரி இருக்கு. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாளுக, அதான் வயிறு எரியுது.

எலெக்சன் அன்னைக்கு ராவு கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொரு பொட்டாப் பிச்சு எறிஞ்சேன். இது குருவம்மா, இது பாண்டி, இது சுந்தரி, இது முனியம்மா. பேரைச் சொல்லிச் சொல்லி எறிஞ்சேன். அழுதுக்கிட்டேதான். இவ, என் மக, பின்னாடி வந்து நின்னா. "எல்லாத்தையும் எடுக்காதம்மா. ஒண்ணு விழுந்துச்சுல்ல? ஒண்ண விட்டு வையி"ன்னா. விட்டு வச்சேன். கொஞ்ச நேரம் அந்தப் பொட்டையே பாத்துட்டுக் கேக்குறா, "அந்த ஒண்ணு உன்னோடதாம்மா?"

என்னக்கா சொல்றது? நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

"ஆமாடி. பின்ன யாரோடது?"ன்னேன்.

அவ என் முதுகுல மூஞ்சிய வச்சுக்கிட்டு, "போகட்டும்மா. எனக்காக நீயாச்சும் போட்டேல்ல"ன்னா.

பத்தாவது ஆளா நானும் அந்த ஓட்டுக்குச் சொந்தம் கொண்டாடியாச்சு.

ஒரு வாரம் கழிச்சு பாண்டிச்செல்விக்கும் எனக்கும் வீட்டுக்குள்ள கோழி புகுந்ததுல சண்டை. வாயிக்கு வாயி பேசும்போது கேட்டுட்டேன், சத்தியமாச் சொல்லுடி, நீ எனக்கா போட்டேன்னு. அவளும் கோவத்துல கொட்டிட்டா. "இல்ல, அவளுக்குத்தான் போட்டேன். நீதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச, பாவம் அவளுக்கு ஒத்த ஓட்டுகூட விழாதுன்னு? போகட்டும், நம்ம ஒண்ணு போட்டு வைப்போம், உனக்குத்தான் மத்தவளுக எல்லாம் போடுறாளுகளேன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படியே நெனைப்பாகன்னு நான் கண்டனா?" இது வெளியில வந்ததும் ஒம்பது பேரும் மெதுவா ராகத்த மாத்திட்டாளுக. குருவம்மாவுக்கும் பாவமா இருந்துச்சாம். சுந்தரிக்கும் பாவமா இருந்துச்சாம். நான் முனியம்மாட்டக் கேட்டேன், அவளுக்கும் அதேதான்.

நம்புறீங்களா நீங்க? ஊருக்கே ஒரே நாள்ல, ஒரே நேரத்துல, ஒருத்தி மேல பாவம் வந்துச்சாம்! எல்லாரும் சேந்து பேசி வச்சுக் கழுத்தறுத்துட்டு, இப்ப எரக்கப்பட்டோம்னு கதை விடுறாளுக.

என்னது? என்னைப் பிடிக்காம போயிருக்குமோன்னா? என்னை யாருக்குக்கா பிடிக்காது? நான் யாரையாவது ஒரு வார்த்தை தப்பா சொல்லியிருக்கேனா? உண்மையத்தான் சொல்லியிருக்கேன். நீங்க வேற.

சரி, போதும்பொண்ணு கதைக்கு வர்றேன். தலைவி ஆனாளே, என்ன செஞ்சா தெரியுமா? தீர்மானமும் போடல, சத்தமும் போடல. புள்ளையக் கொண்டு வந்து விட்டுட்டு, ஹெட்மாஸ்டர் ரூம்பு வாசல்ல தரையில ஒக்காந்துக்கிட்டா. காலையில மணி அடிச்சதுலருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும். என்னம்மா வேணும்னு அவரு கேட்டா, "கக்கூசு சாவி சார்." அம்புட்டுத்தான். நூறு நாள் வேலையையும் விட்டுட்டு நாலு நாளு ஒக்காந்தா. அஞ்சாம் நாளு அவரால ரூம்பவிட்டு வெளிய வர முடியல போல, இவளத் தாண்டித்தான போகணும், சாவியத் தூக்கிக் குடுத்துட்டாரு. மோட்டாரு ரிப்பேர் பாத்து, தொட்டியில தண்ணி ஏத்தி, மொத நாளு இவளே கூட்டிக் கழுவி விட்டிருக்கா. நானா இருந்தா நாலு நாளு எதுக்கு? ஒரே நாள்ல அவரு சட்டையப் புடிச்சு வாங்கியிருப்பேன். ஒரு வருசம் ஏன் முடியலன்னு கேக்காதீங்க. அப்ப நான் தலைவி இல்ல.

சாவி வாங்குன அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. என் மக அப்ப காச்சல்ல பாயில சுருண்டு கெடக்கா. நாலு நாளா அடிவயித்து வலி, ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், எங்கிட்டச் சொல்லவே இல்ல, காச்சல் வந்துதான் எனக்கே தெரியும். போதும்பொண்ணு பக்கத்துல ஒக்காந்து, "தாயி, கக்கூசு தொறந்தாச்சு, இனிமே தண்ணி குடி"ன்னு இவ நெத்தியத் தொட்டுப் பாத்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஜெயிச்சது நீ, இப்ப என் மகளையும் தடவிக் குடுக்க வந்துட்டியான்னு. "ஊரே ஒன் பக்கம், நீ செய்வ. எனக்குன்னு விழுந்தது ஒண்ணே ஒண்ணு"ன்னு சொன்னேன்.

என் மக படுத்த மேனிக்கே சொல்றா. காச்சல்ல ஒதடெல்லாம் காஞ்சு போயி, ஆனா பெருமையாச் சொல்றா. "அது எங்கம்மா போட்டது அத்தை. எனக்காகப் போட்டாக."

போதும்பொண்ணு முழிச்சா. அவளுக்கு வெவரம் தெரியாதுல்ல? "இல்லையே தாயி. அது நான் போட்டது"ன்னா.



நீயா, ஏன்டி எனக்குப் போட்டேன்னு கேட்டேன். வேற என்ன கேக்குறது? அவ சேலை நுனியத் திருகிக்கிட்டே சொல்றா. "எனக்குப் பேச வராது மதினி. புள்ளைகளுக்குக் கக்கூசு தொறக்கணும், அதுக்கு யாரு வந்தா நல்லதுன்னு யோசிச்சேன். உங்களுக்குத்தான் வாயி இருக்கு. எனக்கு நானே போட்டுக்கிட்டா அது தொறக்காதுன்னு பட்டுச்சு. அதான் உங்களுக்குப் போட்டேன்."

மரியாதைக்கு இல்லக்கா. பாவத்துக்கு இல்ல. யோசிச்சுப் போட்டிருக்கா. ஊர்ல முப்பத்தெட்டு பேருல பள்ளிக்கூடத்துக்காக ஓட்டுப் போட்டது இவ ஒருத்திதான். என் மகளுக்காகப் போட்டதும் இவதான். நான் யாருக்காகப் போட்டேன்? என் பவுசுக்காகப் போட்டேன்.

சொன்ன பெறகுதான் அவளுக்கு ஏதோ வெளங்கி நாக்கக் கடிச்சுக்கிட்டா. வேகமா எந்திரிச்சுப் போயிட்டா. என் மக என்னைப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா ஏதாச்சும் சொல்லி அழுதிருப்பேன், ரெண்டு அடியாவது அடிச்சிருப்பேன். கேக்கவே இல்ல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், கண்ணாடியில அந்த ஒத்தப் பொட்டு இல்ல. கீழ விழுந்திருக்கும்னு தரையெல்லாம் தேடுனேன். இல்ல.

அப்புறம் காச்சல் எறங்கவே இல்ல. எங்க ஊரு டாக்டரம்மா, கிட்னியில நீரு கோத்திருக்கோ என்னமோ, பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் குடுத்துட்டாக. வீட்டுக்காரரு லாரியில ஆந்திராப் பக்கம். நான் ஒருத்தியே கூட்டிட்டு வந்துருவேன்னேன். இவதான், "போதும்பொண்ணு அத்தையும் வரட்டும்"ன்னா. அந்தக் காச்சலோட அவ பேசுன மொத வார்த்தை அது. பஸ்ஸுல இவளும் அவளும் ஒரு சீட்டு. நான் பின்னாடி.

இங்க வந்தும் பாருங்க. இந்தப் பெஞ்சுல எடம் இருக்கு. வான்னேன். அங்கயே இருக்கேன்னுட்டா. முகம் குடுத்துப் பேசிப் பதினோரு நாளாச்சுக்கா. முப்பத்தஞ்சு பேரு துரோகம் பண்ணத என்னால தூக்கிப் போட்டுட முடியும். நாளைக்கே அவளுக புள்ளைக்குக் காது குத்துன்னா மொத ஆளா நிப்பேன். ஆனா அந்த முப்பத்தஞ்சுல ஒரு சீட்டு என்னோடது. அத எங்க கொண்டு போயிப் போடுறது?

அடியே, என்ன? முட்டுதா? வந்துருச்சா?

வந்துருச்சாம்க்கா. நெளியுது பாருங்க. நர்ஸம்மா, இங்க ஒரு புள்ளைக்கு... ஆமாம்மா, மதுநிஷாதான். பன்னெண்டு வயசு. இருங்க, என்னமோ சொல்லுது. கூட ஒரு ஆளுதான் உள்ள வரணுமாம். ரெண்டு பேரு கூடாதாம். யாரு வர்றதுன்னு புள்ளையக் கேக்குது.

பாத்தீங்களா.

பாத்தீங்களாக்கா? போதும்பொண்ணு கையப் புடிச்சுட்டா. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல.

இல்ல, நான் அழுகல. பொறுங்க, அவ என்னமோ குனிஞ்சு சொல்றா. புள்ளை தலைய ஆட்டுது. மறுபடியும் சொல்றா. என்னைக் கையக் காட்டுறா. "நீங்க வாங்க மதினி, நான் இங்கிட்டு இருக்கேன்"ங்கிறா. எனக்காக எடத்த விடுறா.

மரியாதைக்கு ஒரு வார்த்தை, பரவால்ல நீயே போன்னு சொல்லணும்ல? வாயி வரைக்கும் வருது. சொல்ல மாட்டேன். போன தடவை மரியாதை பாத்தது போதும்.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க. என் மக கூப்பிடலக்கா, அவ கூப்பிட்டுத்தான் போறேன்.